பந்து வீச்சும் பள்ளி மதிப்பெண்ணும்

கல்வி என்பது அறிவொன்றையே பற்றியதன்று. உடலையும் உடன் பண்படுத்துவதே நிறைந்த கல்வியாம் என்பதனை இக்காலத்தார் யாவரும் உடன்படுவர். உடன்பட்டும் என்! நம் நடுநிலைப் பள்ளிகளில் கணக்கும் இலக்கணமும் கற்பிக்கப்படும் முறைக்கும் உடற்பயிற்சி கற்பிக்கப்படும் முறைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருக்கின்றது. கணக்கிலே மாணாக்கன் ஒருவன் பிழைபடின், எந்தப் படியிலே பிழைத்தான் என்று ஆசிரியர் வழியை நோக்குகின்றார். விடை தவறினும் வழி செவ்விதாயின் அதற்கும் மதிப்பெண் ஈகின்றார். விளையாட்டு மைதானத்திலோ விடை ஒன்றே நோக்கப்படுகின்றது. வழியை நோக்குவார் அரியர். இக்குறையினை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்களிற் கிரிக்கெட்டுப் பந்து வீச்சைக் கற்பித்தலையும் மதிப்பிடுதலையும் சான்றாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டங்கள் பல இருக்கப் பந்து வீச்சினை எற்றுக்குத் தெரிந்துகொண்டீர் என்று வினவுவார்க்கு, நாட்றம்பள்ளியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் ஒருமுறை வந்து காண்க என்பதே எம் விடை. சென்னையினின்றும் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைக் கடந்தபின் வருவது இப்பேரூர். 2019-ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி முதலிய இடங்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் இப்பக்கத்தே பல. விடுமுறை நாட்களில், அறுவடை முடிந்த கழனியிலும் நீர் வற்றிய ஏரியிலும் டென்னிஸ் பந்தினைக்கொண்டு சிறுவர் கிரிக்கெட்டு ஆடாத ஊரைக் காண்டல் அரிது. தோலுக்குப் பேர்போன இந்நாட்டிலே தோற்பந்தினைக் கையால் தொட்டறியாத சிறுவர் மிகப் பலர் என்பது வியப்பே. அப்பந்துகள் மீரட்டு, ஜலந்தர் முதலிய வடநாட்டு நகரங்களில் தைக்கப்பட்டு வருவன. அவற்றின் விலை நம் சிறுவரின் கைக்கு எட்டுவதன்று. ஆர்வம் இருக்கின்றது, இடமும் இருக்கின்றது, நெறிப்படுத்துவார் இல்லாமையே குறை. பொருள் கொடுத்துப் பயிலும் பயிற்சி நிலையங்கள் நகரத்துச் செல்வர் மக்கட்கே உரியன. காலணித் தொழிலாளியின் மகனுக்கோ, பள்ளியில் வாரத்திற்கு ஓரிரு முறை வரும் உடற்கல்விப் பாடவேளையே பயிற்சி நிலையம். அவ்வேளையும் வீணாகுமாயின் அவன் வேறு எங்கே செல்வான்?

அவ்வேளை பயன்படும் முறையைச் சிறிது காண்போம். இப்பக்கத்துப் பள்ளி ஒன்றிலே, அதன் பெயரை ஈண்டுக் கூறாது விடுகின்றோம், ஏழாம் வகுப்பினர்க்குப் பந்து வீச்சிலே நடந்த சோதனையொன்றை யாம் அருகிருந்து கண்டதுண்டு. ஒவ்வொருவனும் ஆறு பந்து வீசுதல் வேண்டும். ஸ்டம்பிற் பட்டவை எத்தனையோ அத்தனையே மதிப்பெண். முழங்கையை மடக்கிக் கல்லெறிவது போல் எறிந்த சிறுவன் நான்கு பெற்றான். கையை நேரே உயர்த்தி ஒழுங்காக வீசிய மற்றொருவன், பந்து ஸ்டம்பினை ஒரு சாண் விலகிச் சென்றமையால், ஒன்றும் பெறாது நின்றான். முன்னவன் தன் பிழையே திறமென்று கற்றான்; பின்னவன் தன் திறமே பிழையென்று கற்றான். ஒரு சோதனையாற் பிழையான பாடங்கள் இரண்டு கற்பிக்கப்பட்டன. இதனை நடத்தியவர் தீயவரல்லர்; நூறு மாணாக்கரை ஒருவராய்க் கட்டி மேய்ப்பவர். குறை அவருடையதன்று, அவர் கையிற் கொடுக்கப்பட்ட அளவுகோலினுடையது.

வீசுதல் வேறு, எறிதல் வேறு என்பதனைத் தமிழ் மொழி நன்கு அறியும். கைவீசி நடத்தல் என்கின்றோம். கையெறிந்து நடத்தல் என்பதில்லை. கல்லெறிதல், வேலெறிதல் என்கின்றோம். வீச்சு என்பது தோளை நடுவாகக் கொண்டு முழுக்கையும் சுழல்வது. எறிதல் என்பது முழங்கையை மடக்கி நிமிர்த்து அவ்விசையாற் செலுத்துவது. கிரிக்கெட்டு விதி கூறுவதும் இதுவே: வீசும் கை தோளின் மட்டத்தை எய்திய பின்னர்ப் பந்து கையை விட்டு நீங்குமளவும் முழங்கை நிமிர்தல் கூடாது. மடங்கிய கை மடங்கியவாறே இருப்பின் குற்றமில்லை, நிமிர்தலே குற்றம். தெருவிலே ஆடும் நம் சிறுவர் இந்நுட்பத்தை நூல் கல்லாதே உணர்ந்து, எறிபவனை நோக்கி ‘மாங்கா’ என்று கூவுகின்றனர். மரத்து மாங்காய்க்குக் கல்லெறிவது போல் எறிகின்றான் என்பது கருத்துப் போலும். தெரு அறிந்த இவ்வேற்றுமையைப் பள்ளிச் சோதனை அறியாதிருத்தல் நாணத்தக்கது.

இளமையிலே இதனை நோக்கித் திருத்தாவிடின் விளைவது யாது என்பதற்கு, நாம் நன்கறிந்த தமிழர் இருவருடைய வரலாறுகளே சான்றாம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிற் பிறந்த தங்கராசு நடராஜன், நம் ஊர்ச் சிறுவரைப் போன்றே எளிய குடும்பத்திலே தோன்றி, டென்னிஸ் பந்தினால் ஆடி வளர்ந்தவர். 2015-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்திலே தமிழ்நாட்டின் பொருட்டு முதன்முதல் ஆடினார். ஆடத் தொடங்கிய அப்பருவத்திலேயே அவர் வீச்சு முறைமீது ஐயம் எழுப்பப்பட்டது. பயிற்றுநர் துணையோடு முறையினை அடியிலிருந்து திருத்திக்கொண்டு மீண்டார். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கான்பெராவில் இந்திய அணியிலே தோன்றி, 2021 சனவரியிற் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டமும் ஆடினார். அவருடைய உறுதி போற்றத்தக்கது; ஐயமின்று. ஆயினும் இருபது வயதைக் கடந்த பின், பெயர் பெறத் தொடங்கிய நாளிலே, பலரறிய அவர் ஏற்க நேர்ந்த திருத்தம், பன்னிரண்டு வயதிலே பள்ளி மைதானத்தில் ஒரு பிற்பகலிற் செய்யத்தக்கதாய் இருந்திருக்கலாமன்றோ? அவர் மீண்டார், மீளாது ஊர் திரும்பியவர் எத்துணைப் பேரோ!

மற்றையவர் இலங்கை கண்டியைச் சார்ந்த முத்தையா முரளிதரன். அவர் வரலாறு பிறிதொரு பாடம் புகட்டுவது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றபோது நடுவேகப் பந்து வீசி வந்த அவரைச் சுழற்பந்து வீசுக என்று திருப்பிவிட்டவர் அப்பள்ளியின் பயிற்றுநராகிய சுனில் பெர்னாந்து. பள்ளியில் ஒருவர் உற்று நோக்கிக் கூறிய ஒரு சொல் உலகிற்கு 800 டெஸ்ட் விக்கெட்டுகளை அளித்தது. அவரையே 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மெல்போர்னில் நடுவர் ஒருவர் எறிபவர் எனக் கருதி ஏழு முறை ‘நோ பால்’ கூறினார். பின்னர் ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தபோது, முழுதும் நிமிராதபடி பிறவியிலேயே அமைந்த முழங்கையே கண்ணை மயக்கியது என்பது விளங்கிற்று. மேலும் ஆய்ந்தவிடத்து, எறிபவர் எனப்படாத வீச்சாளர் பலர்க்கும் முழங்கை சிறிது நிமிர்கின்றது என்பது தெரியவந்தமையின், 2005-ஆம் ஆண்டு முதல் 15 பாகை வரை நிமிர்தலை உலகக் கிரிக்கெட்டு மன்றம் ஏற்றுக்கொண்டது. இதனால் யாம் கொள்ளத்தக்கது யாது? மதிப்பிடுவோன் முதலிற் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நோக்கியபின் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாதிருத்தலும் வேண்டும். பள்ளி ஆசிரியரின் வேலை நடுவரின் வேலையன்று. நடுவர் குற்றங் கூறி விலக்குவார். ஆசிரியர் குற்றங் கண்டு திருத்துவார்.

உருவத்தை நோக்கவேண்டும் என்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. அஃது உடல் நலம். விரைவாகப் பந்து வீசுங்கால், முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடலின் எடையைப் போல் பன்மடங்கு தாக்குதல் முதுகெலும்பின் அடிப்பகுதியைச் சாருகின்றது. இடுப்பு ஒரு திசையும் தோள் மற்றொரு திசையும் நோக்கி முறுகும் வீச்சு முறை, வளரும் பருவத்தாரின் முதுகெலும்பிலே நுண்ணிய முறிவுகளை உண்டாக்கவல்லது என மருத்துவர் கண்டுள்ளனர். ஆஸ்திரேலிய நாட்டுப் புகழ்பெற்ற வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-ஆம் ஆண்டு இத்தகைய முறிவினால் ஆட்டம் நீங்கித் தம் முறையினைப் புதுக்கிக்கொண்டே மீண்டவர். அவ்வறிவினை அவர் நம் சென்னைக்கும் கொணர்ந்தார். 1987-ஆம் ஆண்டு தொடங்கிய எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பயிற்சிக் கழகத்தின் தலைமையை ஏற்று, 2012 வரை நம் நாட்டு இளைஞரைப் பயிற்றினார். அக்கழகம் சேத்துப்பட்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மேனிலைப் பள்ளியின் வளாகத்தே நடைபெறுவது நம் போன்ற கல்லூரியினர்க்கு உவகை தருவதொன்று. இங்கிலாந்தின் கிரிக்கெட்டு வாரியமும், பதின்மூன்று வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு தொடர்ச்சியில் 5 ஓவரும் ஒரு நாளில் 10 ஓவருமே வீசலாம் என்று நெடுங்காலம் விதித்திருந்தது. நம் ஊர்ப் பந்தயங்களிலோ நன்கு வீசும் சிறுவனைக் காலை முதல் மாலை வரை ஓயாது வீசச் செய்கின்றோம். வேகத்திற்கும் விக்கெட்டிற்குமே மதிப்பெண் ஈயும் பள்ளி, அவ்வூர் வழக்கத்திற்கு முத்திரையிட்டதாகும்.

இனி, கற்பிக்கும் முறையைச் சிறிது கூறுவோம். ஓடிவந்து வீசுதலை முதல் நாளே கற்பிக்கப் புகுதல், எழுத்தறியாதானைச் செய்யுள் இயற்றுக என்பதை ஒக்கும். நின்றவாறே, பக்கவாட்டில் உடலை வைத்து, முன்கையை உயர்த்தி இலக்கினை அதன் வழியே நோக்கி, வீசுங்கையை முழுவட்டமாகச் சுழற்றிக் காதருகே கொணர்ந்து பந்தை விடுதல் முதற் பாடம். நடந்து வந்து வீசுதல் இரண்டாம் பாடம். மெல்ல ஓடி, ஒரு தாவலோடு வீசுதல் மூன்றாம் பாடம். வீசிய பின் உடல் தானே சென்று அடங்க விடுதல் நான்காவது. பந்தினைப் பற்றும் முறையும் உடன் கற்பிக்கப்படல் வேண்டும்: சுட்டுவிரலும் நடுவிரலும் தையலின்மேல், பெருவிரல் கீழே, உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையே சிறிது வெளி. டென்னிஸ் பந்திலே தையலில்லை. ஆயின் ஒரு கோடு மையினால் வரைந்துகொள்ளத் தடை யாது? ஆடவர்க்குரிய தோற்பந்து 156 முதல் 163 கிராம் எடையுடையது. டென்னிஸ் பந்து ஏறத்தாழ 58 கிராம். சிறு கைக்கு இலேசான பந்து முதலில் நன்றே. ஆயினும் இலேசான பந்திற்கு விசையேற்ற விரும்பும் சிறுவன் முழங்கையால் உந்தும் பழக்கத்திற்கு எளிதில் ஆளாவான் என்பதை ஆசிரியர் மறவாதிருத்தல் வேண்டும். தூரமும் அவ்வாறே. முழு அளவினதாகிய 20 மீட்டர்த் தொலைவைச் சிறுவர்க்கு ஆஸ்திரேலியர் 16, 18 மீட்டராகக் குறைத்துள்ளனர். எட்டாத தூரத்தில் நிறுத்தினால் குழந்தை எறியுமேயன்றி வீசாது.

நாற்பது பேருக்கு ஒரு மணி நேரமுமில்லையே, இஃதெல்லாம் எங்ஙனம் இயலும் எனின், ஒரு சிறு கணக்குப் போட்டுக் காண்க. ஓர் ஆடுகளம், ஒரு பந்து, ஒரு மட்டை என்று வைத்து, ஒரு பந்து வீசி மீட்க அரை நிமிடம் ஆகுமெனின், நாற்பது நிமிடத்தில் எண்பது பந்து, ஒருவனுக்கு இரண்டே. மற்றை நேரமெல்லாம் வெயிலில் நிற்பதே அவன் பெறும் உடற்பயிற்சி! அதுவன்றி, நாற்பதின்மரை இருபது இணைகளாக்கி எதிரெதிர் நிறுத்தி, இணைக்கொரு டென்னிஸ் பந்து கொடுத்து, கால் நிமிடத்திற்கொரு முறை வீசச் செய்யின், இருபது நிமிடத்தில் ஒவ்வொருவனும் நாற்பது பந்து வீசுவான். வேண்டுவன இருபது பந்துகளும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியுமே. எதிர்நிற்பவன் வாளாநில்லாது, தோழனின் முழங்கை நிமிர்ந்ததா என்ற ஒன்றனையே நோக்கிக் கூறுக. பிறர் பிழையைக் காணப் பழகிய கண் தன் பிழையையும் காணும்.

மதிப்பிடுதலுக்கு எம் சிற்றறிவிற்குத் தோன்றும் திட்டம் இது. மதிப்பெண் மொத்தம் 20. இவற்றுள் 10 உருவத்திற்கு: பிடி, ஓட்டத்தின் சமன், முழங்கையின் நேர்மை, பந்தை விடுங்கால் தலையின் நிலை, வீச்சின் முடிவு ஆகிய ஐந்தற்கும் தனித்தனியே 2. செவ்விதாயின் இரண்டு, ஓரளவாயின் ஒன்று, இல்லையேல் இன்மை. அடுத்து 5 குறிக்கு: ஆடுகளத்தில் நல்ல அளவில் விழவேண்டிய இடத்தே ஒரு கட்டம் வரைந்து, பத்துப் பந்துகளில் அதனுள் வீழ்பவற்றைப் பாதியாகக் கணக்கிடுக. ஸ்டம்பினைக் குறியாக வைத்தல் கூடாது. ஸ்டம்பு மட்டுமே குறியாயின் எறிபவனும் வெல்வான். எஞ்சிய 5 வளர்ச்சிக்கு: பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் இறுதியில் ஒரு முறையும் நோக்கி, எத்துணை முன்னேறினான் என்பதற்கு ஈவது. இதனால், முன்பு பந்தையே தொட்டறியாதவனும், அண்ணன்மாரோடு ஆடித் தேர்ந்தவனும் தத்தம் நிலையினின்றே அளக்கப்படுவர். விளையாட்டறிந்த வீட்டிற் பிறந்தமைக்கு மதிப்பெண் ஈதல் நீதியன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012–13-ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை புகுத்தப்பெற்ற முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் இக்கருத்தினையே உடையன. அதனை மைதானத்திற்கும் கொண்டுசெல்க என்பதே எம் வேண்டுகோள். ஆசிரியரின் கைப்பேசியிலே மெதுவியக்கப் படம் எடுக்கும் வசதி இருப்பின், மாணாக்கனுக்கு அவன் வீச்சினை அவனே காணுமாறு காட்டலாம். ஆயினும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படத்தைக்கொண்டு குற்றவாளி என்று கூறிவிடலாகாது. முரளிதரனை நினைவில் வைத்தல் வேண்டும்.

இதற்குத் தடை கூறுவார் உளர். ‘விதிப்படி ஒரே அச்சில் வார்த்தால், புதுமையான வீச்சாளர் தோன்றுவரோ? லசித் மலிங்கா தோளின் பக்கமாகக் கைவீசியன்றோ வென்றார்? ஜஸ்பிரித் பும்ராவின் வீச்சு எந்நூலிற் கூறியது?’ என்பர். நல்ல தடையே. எம் ஐந்து கூறுகளையும் மீண்டும் நோக்குக. கை காதினை உரசவேண்டும் என்றோ, ஓட்டம் இத்தனை அடி என்றோ அவற்றுள் விதிக்கவில்லை. முதற் பாடத்திற் காதருகே என்றது பழகத் தொடங்குவார்க்கு எளிய வழி என்றே. விதிக்கு முரணாகாமையும் உடலுக்கு ஊறு நேராமையும் மட்டுமே நோக்கப்படுகின்றன. இவ்விரண்டு எல்லைக்குள் மாணாக்கன் தனக்கியன்றவாறு வீசுக. இலக்கணம் கற்றமையாற் புலவன் தோன்றாது ஒழிந்ததில்லை.

‘விளையாட்டிற்கு மதிப்பெண் எற்றுக்கு? மகிழ்ந்து ஆடவிடுக’ என்பார் பிறர். மகிழ்ச்சி வேண்டுவதே, ஆயின் கற்பிக்கப்படாதவனுக்கு அம்மகிழ்ச்சி கிட்டுவதில்லை. எப்பொழுதும் எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்க நிறுத்தப்படும் சிறுவனைக் கேளுங்கள்; கூறுவான். ‘உடற்கல்விப் பாடவேளையையே கணக்காசிரியர் கொண்டுசெல்கின்றாரே’ என்பார்க்கு யாம் கூறுவது: எதனை அளக்கும் முறை தெளிவாயில்லையோ அதனையே பிறர் எளிதிற் கவர்வர். இன்ன நாளில் இன்னது கற்பித்தோம், இன்னார் இவ்வளவு வளர்ந்தார் என்று எழுதிய ஏடு ஆசிரியர் கையில் இருக்குமாயின், அவ்வேளையைக் கேட்பார் நாணுவர். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-லேயே, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் பயிலுமிடத்து, உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் இருத்தல் வேண்டும் என்று கூறியுள்ளது. சட்டம் தந்ததைப் பயன்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். பந்தினைப் பெண்களுக்கு அயலானதாக எண்ணுதல் தமிழ் மரபு அறியார் கூற்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துகவரி என ஒரு பகுதியே உண்டு. அது மகளிர் பந்தாடிப் பாடுவது. பெருங்கதையும் மகளிரின் பந்தாட்டப் போட்டியினை விரித்துரைக்கின்றது. அங்ஙனமிருக்க, பந்து வீச்சுப் பாடம் வந்தவுடன் பெண்களை மரநிழலிற் கயிறு தாண்ட அனுப்பிவிடுதல் யாங்ஙனம் பொருந்தும்? இணைகளாக நின்று வீசும் முறையிலே ஆணும் பெண்ணும் ஒருங்கே பயிலலாம். ஒரே திட்டத்தில் மதிப்பிடப்படலாம். ஊர்க் கழனியில் ஆட அண்ணன் தம்பியர்க்கு இடமுண்டு. பெண்ணுக்கோ பள்ளி மைதானம் ஒன்றே. அதனையும் மறுத்தல் பெருங்கொடுமையாம்.

நண்பர்காள்! இக்கல்லூரியிற் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராவீர். பயின்று சென்றோருட் பலர் இன்றே தலைமையாசிரியராயும் பள்ளிகளை நடத்துவோராயும் இருக்கின்றீர். உடற்கல்வியும் கற்றுணர்ந்து கற்பிக்கத்தக்க ஒரு துறையே என்று கண்டு, 1920-ஆம் ஆண்டிலேயே சென்னையில் வாலிபர் கிறித்தவ சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்பார் தொடங்கினார். நூறாண்டு கடந்த பின்னும், அக்கருத்து நாட்றம்பள்ளி போன்ற ஊர்களின் நடுநிலைப் பள்ளி வாயிலை முற்றும் எய்தவில்லை என்பது நமக்குப் பெருமையாகாது. எல்லாச் சிறுவரும் நடராஜராகார், ஆகவேண்டுவதும் இல்லை. ஆயின் ஒவ்வொரு குழந்தையும், தன் உடலை நெறிப்பட இயக்கக் கற்றேன், என் முயற்சியை ஒருவர் உற்று நோக்கினார், நேற்றினும் இன்று வளர்ந்தேன் என்று உணர்ந்து மைதானத்தை விட்டு வீடு திரும்புதல் வேண்டும். மதிப்பெண் என்பது நெல்லையும் பதரையும் பிரிக்கும் முறமாகாது, பயிருக்கு நீர் எந்த மட்டும் பாய்ந்தது எனக் காட்டும் குறியாகுக. இருபது பந்தும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும், உற்று நோக்கும் இரு கண்களும் போதும். வரும் பருவத்திலேயே தொடங்குவோமாக.